இரண்டு ஆளுநர்களுக்கு நடுவே பதினொரு நாட்கள்

வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமானாலும் அதன் வலது மூலையில் கனகசிங்கம் பென்சிலால் அன்றைய திகதியைப் போட்டுவிடுவார். மின்சார பில், பள்ளிக்கூடக் கடிதம், பீட்சா விளம்பரம் எதுவும் தப்பாது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், புவாண்ட்-கிளேர்ப் பண்டகசாலையொன்றில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வந்த அலுப்பிலும், சப்பாத்தைக் கழற்றுமுன் அந்த வேலை முடிந்துவிடும். ஊரில் ஆளுநர் கந்தோரில் கிளாக்கராக இருந்தவரின் கைப்பழக்கம் என்றுதான் மகள் தனுஷிகா சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் அவள். கடைசி வருடக் கட்டுரைக்கு, இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி ஊரில் இருந்த மாகாண ஆளுநர்களை எடுத்துக்கொண்டாள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று சுத்தமான அட்டவணை. நல்ல புள்ளியும் கிடைத்தது. அப்பாவிடம் காட்டியபோது அவர் இரண்டு வரிகளுக்கு நடுவே விரலை வைத்தார்.

"இந்தப் பதினொரு நாளும் ஆர் இருந்தது?"

"ஒருத்தருமில்லை அப்பா. பழைய ஆள் போயிட்டார், புது ஆள் வரேல்லை."

"சனம் வந்தது."

பிறகுதான் சொன்னார். அந்த நாட்களில் ஒரு காலை, றோசலின் என்ற தாய் மனுவோடு வந்தாள். முதல்நாள் பிடித்துக்கொண்டு போன மகன் நிரூபனைத் தேடித் தரும்படி கேட்டிருந்தாள். வந்த திகதியை முத்திரையாகக் குத்தினால், மனு போன ஆளுநரின் கட்டுகளோடு சேர்ந்து களஞ்சிய அறைக்குப் போய்விடும். புதியவர் வந்ததும் குத்தி, முதல் மனுவாக அவர் மேசையில் வைப்போம் என்று தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். புதியவர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். அன்றே கனகசிங்கத்துக்கு இடமாற்றம். லாச்சிப் பூட்டின் திறப்பையும் வாங்கிக்கொண்டார்கள். மனுவைப் பற்றிக் கேட்க அவருக்குப் பயம். பிறகு றோசலின் போய்க் கேட்டபோது, அப்படியொன்று வரவேயில்லை என்றார்கள்.

போன மார்கழியில் தமிழ்க் கடையொன்றில் றோசலின் அவரை அடையாளம் கண்டுவிட்டாள். அவளும் இப்போது இங்கேதான், லொங்குய்யில் மகளோடு இருந்தாள். காணாமல் போனோரைப் பற்றி ஊரில் விசாரிப்பவர்கள், உடனே முறையிட்டதற்கு அத்தாட்சி கேட்கிறார்களாம்.

"நான் வந்த திகதியை எழுதி ஒரு கையெழுத்து, ஐயா. வேற ஒண்டும் வேண்டாம்."

"தாறன் அம்மா."

இரண்டு மாதம் ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். முத்திரை குத்தாதது தான்தான் என்று எழுதவேண்டும். "நாளைக்கு எழுதுவம்" என்பார். தனுஷிகாவும் நெருக்கவில்லை. அது மரியாதையா, தன் சோம்பலா என்று அவளுக்கு இன்றும் தெரியவில்லை. மாசியில் ஒரு காலை பஸ் தரிப்பிடத்தில் விழுந்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை றோசலின் வீட்டுக்கு வந்தாள்.

"எழுதி வைச்சவரே பிள்ளை?"

தனுஷிகா தாளை நீட்டினாள். "கனகசிங்கம் ஆகிய நான்" என்பதோடு நின்றிருந்தது. அந்த வீட்டில் திகதி போடாத ஒரே காகிதம்.

"நீ படிச்ச பிள்ளை. நீ எழுதித் தாவன்."

"நான் எழுதினா செல்லாது அன்ரி. நான் அப்ப பிறக்கவேயில்லை."

"பிறந்திருந்தா மட்டும்? நாளைக்கு வா எண்டிருப்பாய், உன்ர கொப்பரைப் போல."

அந்தப் பதினொரு நாளையும் அட்டவணையில் வெற்றுக்கோடாக விட்டவள் தனுஷிகாதானே.

றோசலின் பையிலிருந்து மனுவின் கார்பன் பிரதியை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது.

"இதில இண்டைக்கு வந்தது எண்டாவது போடு. ஒராள் வாங்கினதெண்டு இருக்கட்டும்."

தனுஷிகா அப்பாவின் பென்சிலால் வலது மூலையில் இன்றைய திகதியைப் போட்டாள். றோசலின் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அன்ரி."

"வேண்டாம். மெத்ரோ எடுக்கவேணும்."

வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டவள் நிமிராமலே சொன்னாள்:

"ஐயா தாறன் எண்டவர், பிள்ளை."

"ஓம் அன்ரி. எண்டவர்தான்."