பெரம்பலூர் வழியாக வந்த எஞ்சின்

எங்கள் சிமெண்ட் ஆலைக்குச் சொந்தமாக ஒரு ரயில் எஞ்சின் வாங்கப்போகிறோம் என்று மேனேஜர் சொன்னபோது, சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அரியலூர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு என் பொறுப்பு. ரயில்வே எஞ்சின் சரக்கு வேகன்களை எங்கள் தண்டவாளத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு அவற்றை நிலக்கரி இறக்கும் இடத்துக்கும் சிமெண்ட் ஏற்றும் இடத்துக்கும் நகர்த்துவது எங்கள் பாடு. இரும்புக் கயிறு கட்டி, மோட்டாரில் சுற்றி, நாலு நாலு வேகனாக இழுப்போம். கயிறு அறுந்தால் அன்றைய பொழுது அதோடு போச்சு.

"புதுசு இல்லீங்க, செகண்ட் ஹேண்டு" என்றார் மேனேஜர். "தெக்க துறைமுகத்துக்கிட்ட மூடிப்போன உரக் கம்பெனில ரெண்டு டீசல் எஞ்சின் நிக்குதாம். நீங்களும் டிரைவரும் போய்ப் பாத்துட்டு வாங்க."

டிரைவர் திருமழபாடிக்காரர். ரயில்வேயில் வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றபின் எங்களிடம் வேகன் நகர்த்தும் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தார். "கயிறு இழுக்கவா ரிட்டையர் ஆனேன்?" என்று தினம் ஒரு தடவையாவது அலுத்துக்கொள்வார். செய்தியைச் சொன்னதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "எப்ப கெளம்பணும்?" என்றார்.

நான் பெரம்பலூர். எங்கள் ஊரில் ரயிலே கிடையாது, எங்கே போவதென்றாலும் பஸ்தான். ஆபீஸில் கேலி செய்தார்கள். "ரயில் இல்லாத ஊர்க்காரங்களத்தான் எஞ்சின் வாங்க அனுப்புறாங்க!"

அந்த உரக் கம்பெனி ஷெட்டில் இரண்டு எஞ்சின்கள் நின்றன. ஒன்றுக்குப் புது நீலப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். இன்னொன்று வெளுத்துப்போன மஞ்சள், கூரையெல்லாம் புறா எச்சம். அவற்றை விற்றுத்தர வந்திருந்த தரகர் எங்களை நேராக நீலத்திடம் அழைத்துப்போய்ப் பொத்தானை அமுக்கினார். ஒரே அமுக்கில் பிடித்துக்கொண்டது. டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், சத்தத்தக் கேளுங்க. என்னா சுத்தம்!"

நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். தரகர் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே பக்கக் கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்திருந்தேன். வெதுவெதுவென்று இருந்தது. மஞ்சள் எஞ்சின் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி இத ஓட்டினீங்களா?"

"இல்லீங்களே மேடம். வெயில் சூடுங்க."

ஷெட்டுக்குள் ஏது வெயில்? முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் பழுதான எஞ்சினும் ஒரே அமுக்கில் பிடித்துக்கொள்ளும். "நாளைக்குக் காலைல வர்றோம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லி, கதவுகளில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். "நல்ல எஞ்சினப் போயி சந்தேகப்படுறீங்களே மேடம்" என்று லாட்ஜுக்குப் போகும் வழியெல்லாம் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை காகிதம் கிழியாமல் இருந்தது. நீல எஞ்சின் முக்கியது, முனகியது, நின்றது. மூன்றாம் தடவை வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கிளம்பி, சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பியை டிரைவரிடம் நீட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார், துண்டில் துடைத்தார். "அந்த மஞ்சளப் பாப்பம் மேடம்" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

"அது பார்ட்ஸ் கழட்டத்தாங்க வெச்சிருக்கோம்" என்று தரகர் பின்னாலேயே வந்தார். நாங்கள் விடவில்லை. நீலத்தின் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினோம். இரண்டாவது முயற்சியில் இடி மாதிரி ஒரு முழக்கம், ஒரு குடம் கரும்புகை. கூரையில் இருந்த புறாக்கள் ஒன்றாக எழும்பிப் பறந்தன. பிறகு புகை வெளுத்து, சத்தம் சீராகி, தரை மெல்ல அதிர்ந்தது. எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

அங்கேயே கிடந்த பழைய வேகன்களை மாட்டி மதியம் வரை இழுத்துப் பார்த்தோம். சக்கரத்தின் தேய்மானத்தை அளந்தோம். பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. கண்ணாடி உடைந்திருந்தது, சீட்டை எலி தின்றிருந்தது. அவை பெரிய விஷயமில்லை. "இதுதான்" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

எஞ்சின் சாலை வழியாகத்தான் வந்தது, பல சக்கர டிரெய்லரில் ஏறி. அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா அவசரமாகக் கூப்பிட்டாள். "ஏன்டி, ஒன் எஞ்சின் சிறுவாச்சூர்ல நிக்குதாம்! கோயிலுக்கு வந்த சனமெல்லாம் போட்டோ எடுக்குதாம்!" நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, டிரெய்லர்காரர் எஞ்சின் நெற்றியில் மாலை போட்டுக் குங்குமமும் வைத்திருந்தார்.

பெரம்பலூர் நாலு ரோட்டில் கேபிள் வயர் தாழ்வாகத் தொங்கியதால் டிரெய்லர் நின்றுவிட்டது. நாலு பக்கமும் பஸ்கள் தேங்கின. ஒருவர் எஞ்சின் கூரையில் ஏறி நின்று மூங்கில் கழியால் வயரைத் தூக்கிப் பிடிக்க, டிரெய்லர் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். "நம்மூருக்கு ரயில் வந்துடுச்சுடோய்!" கூட்டம் விசிலடித்தது. பூக்கடை ஓரம் குடையோடு நின்ற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இம்மாம் பெருசா?"

"இது குட்டிம்மா. எஞ்சின்லயே சின்னது."

"போடி. வூடு மாதிரி இருக்கு" என்றாள்.

அரியலூரில் கிரேன் அதைத் தண்டவாளத்தில் இறக்கியது. குழாய்கள், கண்ணாடி, சீட் எல்லாம் மாற்றச் சில வாரங்கள் பிடித்தன. முதல் நாள் பன்னிரண்டு நிலக்கரி வேகன்களைக் கோத்தோம். ஆலையில் கையில் வேலை இல்லாதவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். டிரைவர் கைப்பிடியைத் திருகினார். எஞ்சின் உறுமியது, வேகன்கள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். சக்கரம் வழுக்கிச் சுழன்றதே தவிர நகரவில்லை. தப்பான எஞ்சினை வாங்கிவிட்டோமா?

"நிறுத்துங்கண்ணே!" என்று கத்திவிட்டு, வேகன் வேகனாகக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். மூன்றாவதிலும் நாலாவதிலும் பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வியபடி இருந்தது. காற்றை விடும் கம்பியை இழுத்தேன். புஸ்ஸென்று காற்று இறங்கி, கட்டைகள் விலகின. கையைத் தூக்கிக் காட்டினேன்.

டடக், டடக், டடக் என்று ஒவ்வொரு வேகனாக விழித்துக்கொண்டு கிளம்பியது. பன்னிரண்டும் ஒரே கோவையாக என்னைக் கடந்து போயின. நான் கூடவே ஓடினேன், ஏன் என்று தெரியாமல்.

வேகன்களை இறக்குமிடத்தில் விட்டுவிட்டு எஞ்சின் தனியாகத் திரும்பியது. டிரைவர் என் பக்கத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏறுங்க மேடம். நீங்க ஒரு ஓட்டு ஓட்டுங்க."

ஏறினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்லக் கைப்பிடியைத் திருகினேன். அத்தனை இரும்பும் என் கைக்குக் கட்டுப்பட்டு முன்னால் போனது. கீழே கைதட்டினார்கள். நான் சிரித்தபடியே இன்னும் கொஞ்சம் திருகினேன்.

"போதும் மேடம்! பிரேக்கப் போடுங்க, பிரேக்கப் போடுங்க!"