கரை வெட்டு

எங்கள் கேபினுக்கு ஜன்னல் கிடையாது. கடல்மட்டத்துக்குக் கீழே இருந்த அந்த அறையில் ஓர் அடுக்குக் கட்டில், ஒரு மேஜை, ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு குளியலறை. கீழ்க்கட்டில் எனக்கு, மேல்கட்டில் அவளுக்கு. அவளை எல்லோரும் குக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பருவம் முழுவதும் கப்பலிலேயே படிப்பு. பல நாட்டுக் கல்லூரிகளிலிருந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு அது துறைமுகம் துறைமுகமாகப் போகும். கடலில் போகும் நாட்களில் வகுப்பு, துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் கள ஆய்வு. நான் கிளம்பும்போது என் சித்தப்பா, "கப்பல்ல படிப்பா? ஃபெயிலானா அப்படியே தள்ளி விட்ருவாங்களா?" என்று கேட்டார். வந்து பார்த்தபோது அவர் கேள்வியில் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றியது. வகுப்பறை நாற்காலிகளைத் தரையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். நூலகப் புத்தகங்களுக்குக் குறுக்கே கம்பி. சாப்பாட்டு மேஜையில் தட்டு வழுக்காமல் இருக்க ஈரத்துணி விரிப்பார்கள். பாதிப் பாடத்தில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார், விரிவுரையாளர் நிறுத்தமாட்டார். திரும்பி வந்தவர் விட்ட இடத்தை அடுத்தவரின் நோட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குக்கருக்கு அந்தப் பெயர் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. பெண்கள் தளத்தில் வெந்நீர் வரவில்லை, ஆண்கள் தளத்தில் வந்தது. புகார் சொன்னோம். பார்க்கிறோம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் சோப்பு, துண்டு, மாற்றுத்துணியோடு மேலே போய்ப் பொறுப்பதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்றாள். "எங்க தளத்துல சரியாகற வரைக்கும் உங்க பாத்ரூம் சாவி குடுங்க" என்றாள். அன்று சாயங்காலமே வெந்நீர் வந்தது. "விசில் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒதுங்கிக்கங்கப்பா" என்று பையன்கள் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களும் அந்த வெந்நீரில்தான் துணி துவைத்தார்கள், அவர்கள் தளத்துக் குழாய் அடைத்துக்கொண்ட அன்று.

அவள் எதையும் மென்று விழுங்கமாட்டாள். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து இவளுடைய ஈரத்துணியை எடுத்து வெளியே எறிந்துவிட்டுத் தன் துணியைப் போட்டவளிடம் சண்டைக்குப் போனாள். பயிற்சி நாளில் எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டோடு சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, தன் ஜாக்கெட்டில் விசில் இல்லை என்று வரிசையையே நிறுத்தினாள். நான் பக்கத்தில் நின்றிருப்பேன். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிறகு என் ஜாக்கெட்டைப் பார்ப்பேன், அதிலும் விசில் இருக்காது.

அந்தக் கோபக்காரி ஒரே ஒரு துறைமுகத்துக்காகக் குழந்தைபோலக் காத்திருந்தாள். அவளுடைய அக்கா அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். இவள் பத்தாவது முடித்த வருஷம் விமானம் ஏறியவள், பிறகு ஊருக்கே வரவில்லை. தங்கையின் கல்லூரிப் படிப்பு அக்காவின் சம்பளத்தில்தான் நடந்தது. கப்பல் அங்கே ஒரே ஒரு நாள் நிற்கும். அக்கா வேறொருத்தியிடம் கெஞ்சி, வேலைமுறையை மாற்றிக்கொண்டு, மதியம் வரை விடுப்பு வாங்கியிருந்தாள். அம்மா அக்காவுக்காகத் தைத்துக் கொடுத்த சுடிதார்களை இவள் மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள்.

அதற்கு முந்தைய துறைமுகத்தில்தான் எல்லாம் கெட்டது.

கப்பலுக்கென்று தனி நேரம் உண்டு. ஓரிரு நாள் மட்டுமே நிற்கும் ஊர்களில் கப்பலின் கடிகாரத்தை மாற்றமாட்டார்கள். ஆனால் கரையில் கால் வைத்ததும் போன்கள் தாமாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அந்த ஊர் நேரம் கப்பலுக்கு ஒரு மணி பின்தங்கியிருந்தது. இறங்கும்போதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: கப்பல் நேரப்படி திரும்ப வேண்டும். தாமதமாக வந்தால் அடுத்த துறைமுகத்தில் கரையில் இருக்கும் நேரம் குறையும். குழுவைவிட்டுத் தனியே போனால் அடுத்த துறைமுகத்தில் இறங்கவே முடியாது. நம்மவர்கள் இதற்குக் கரை வெட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பு எங்கள் கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர். நாங்கள் சார் என்போம். ஆய்வு முடிந்ததும் சார் ஒரு கடைவீதிக்குள் நுழைந்து சூட்கேஸ் பேரம் பேச ஆரம்பித்தார். குக்கர் கையில் கப்பல் நேரத்துக்கு வைத்த ஒரு மலிவுக் கடிகாரம் கட்டியிருந்தாள்.

"சார், நேரமாச்சு. துறைமுகத்துக்குப் போற பஸ் போயிடும்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா."

"அது இந்த ஊர் நேரம் சார். கப்பல் நேரம்தான் கணக்கு."

"உன் வாட்ச் எங்க வாங்கினது? பிளாட்பாரமா?" என்று சார் போனைத் தூக்கிக் காட்டினார். "இது சாட்டிலைட் சொல்ற நேரம். நீ சாட்டிலைட்டுக்கே டைம் சொல்லித் தருவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சக்கரம் நாலு பக்கமும் சுழல்கிறதா என்று பார்க்கச் சார் சூட்கேஸைத் தெருவில் உருட்டினார். குக்கர் என்னிடம், "நான் ஓடிப் போய் பஸ்ஸ நிறுத்தி வைக்கறேன். இவர இழுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நிறுத்தியும் வைத்தாள். ஓட்டுநரிடம் கைகூப்பி, கதவுப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் போய் ஏறினோம், சார் சூட்கேஸோடு கடைசியாக. அப்படியும் தாமதம்தான். எங்களுக்காகக் கப்பல் காத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, கப்பல் படிப்பு முழுவதற்கும் பொறுப்பான டீன் சாரைக் கூப்பிட்டு விசாரித்தார். வேறொரு வேலையாக டீனைப் பார்க்க வந்த நான் அந்த அறை வாசலில் நின்றிருந்தேன். கடலில் போகும்போது கதவுகள் ஆடி அறையாமல் இருக்க அவற்றைத் திறந்து கொக்கியில் மாட்டிவிடுவார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. சார் நல்ல ஆங்கிலத்தில், வருத்தமான குரலில் சொன்னார்: குழுவில் ஒரு பெண் கடைவீதியில் காணாமல் போய்விட்டாள், அவளைத் தேடியதால்தான் தாமதம், மற்ற பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். டீன் தலையசைத்தார். மற்றவர்களுக்கு மன்னிப்பு, அவளுக்கு மட்டும் முழுநாள் கரை வெட்டு.

அதே சார் மதியம் சாப்பாட்டு அறையில் குக்கரிடம் தமிழில் சொன்னார்: "உனக்காக எவ்வளவோ பேசிப் பார்த்தேன்மா. டீன் ஒத்துக்க மாட்டேங்கறார். ரூல்ஸ் அப்படி."

அவள், "தேங்க்ஸ் சார்" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது அந்த தேங்க்ஸைக் கேட்டுத்தான். கேபினுக்கு வந்ததும் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கட்டிலின் ஏணியில் உட்கார்ந்து, "காணாம போயிட்டேனா?" என்றாள். "நானா?"

மறுநாள் சாரின் வகுப்பில் கை தூக்கினாள்.

"என்ன சந்தேகம்?"

"நான் எந்தக் கடைகிட்ட காணாம போனேன் சார்?"

சார் திரையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இது கிளாஸ்ரூம். உட்காரு."

"நாற்காலியும் கட்டித்தான் போட்டிருக்கு, என்னையும் கட்டித்தான் போட்டிருக்கீங்க. எங்கயும் போயிட மாட்டேன். சொல்லுங்க."

"இங்க பாரு, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. பாதி நாளாவது வாங்கித் தர்றேன்."

"எழுதறேன். சூட்கேஸ் வாங்கினதும் நான்தான்னு சேத்து எழுதிடட்டுமா?"

வகுப்பே சிரித்தது. ஆனால் வெளியே வந்து, "டீன்கிட்ட யார் என்கூட வர்றீங்க?" என்று அவள் கேட்டபோது, சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவள் காணாமல் போகவில்லை என்றால் தாமதம் எல்லோருடையது. எல்லோருக்கும் கரை வெட்டு. "ஒருத்திக்காக இத்தனை பேரா? விட்டுக்குடேன்" என்றாள் ஒருத்தி, இவள் போராடி வாங்கிய வெந்நீரில் தினமும் தலைக்குக் குளிப்பவள்.

நான் மட்டும் அவளோடு போனேன். டீன் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் இருவரும் சொல்வது உண்மையென்றால் உனக்கும் கரை நேரம் குறையும், தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். சரி, அடுத்த துறைமுகம் முடிந்ததும் விசாரணை வைக்கிறேன் என்றார். முடிந்ததும்! பந்தியை முடித்துவிட்டு இலை போடுகிறேன் என்பதுபோல.

கப்பல் அக்காவின் ஊரில் நின்ற அன்று காலை அவள் மேல்தளக் கம்பியோரம் நின்றாள். தூரத்தில் வேலிக்கு வெளியே மஞ்சள் ஸ்வெட்டரில் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் போனில் பேசினார்கள். "மெலிஞ்சிட்டியேடி" என்று அக்கா சொல்வது எனக்கும் கேட்டது. "அங்கேருந்து என்ன தெரியுது உனக்கு? சும்மா சொல்லாத" என்றாள் இவள். குரல் உடைந்துவிடும்போலிருந்ததால் இன்னும் சத்தமாகத் திட்டினாள்.

இறங்கப் போன சார் எங்களிடம் நின்றார். "அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா? நான் சொல்றேன்மா."

"வேணாம் சார். நீங்க இதுவரைக்கும் சொன்னதே போதும்."

சுடிதார் பையை என் கையில் திணித்தாள். நான் குழுவோடு இறங்கினேன். துறைமுக வாசலில் டீன் ஒவ்வொரு குழுவையும் வழியனுப்பிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே அக்கா. பையை வாங்கிக்கொண்டாள், பிரித்துப் பார்க்கவில்லை.

"எந்த ஆளு?"

கை காட்டினேன். அவள் நேராகப் போய் சாருக்கு முன்னால் நின்றாள். உயரத்தில் அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

"என் தங்கச்சி காணாம போயிட்டாளாமே? தேடிக் கண்டுபிடிச்சீங்களாமே?"

"அது வந்தும்மா, முடிஞ்சுபோன விஷயம்..."

"எங்க இருந்தா?"

"பஸ் கிட்டதான் நின்னுட்டிருந்தா."

"எந்த பஸ்ஸு? நீங்க ஏற வேண்டிய பஸ்ஸா?"

"ஆமா."

"அப்ப பஸ்கிட்ட இல்லாம இருந்தது யாரு?"

சார் வாயைத் திறந்தார், மூடினார். டீன் திரும்பி, இந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்டார். கேள்விகளையும் மொழிபெயர்த்தேன், பதில்களையும் மொழிபெயர்த்தேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பேருந்தருகே நின்றாள் என்று நீங்கள் சொன்னது சரிதானா என்று டீன் சாரிடம் கேட்டார். சார் ஆங்கிலத்திலும் வாயைத் திறந்து மூடினார்.

அக்கா அதற்காக நிற்கவில்லை. "நான் மதியம் வேலைக்குப் போகணும். தொலைச்சவர் நீங்கதானே? போய்க் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க பை எங்கிட்ட இருக்கட்டும்" என்று அவர் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். காவலர்கள் நெருங்கினார்கள். அவள் அந்த ஊர் மொழியில் அவர்களிடம் ஏதோ சொன்னாள். அவர்களில் ஒருவன் சாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு விலகிக்கொண்டான்.

டீன் காவலறைக்குள் போய்க் கப்பலுக்கு போன் செய்தார். திரும்பி வந்து எங்கள் குழு முழுவதையும் கப்பலுக்குப் போகச் சொன்னார். சாரையும் சேர்த்து. அப்போதுதான் அக்கா பையை விட்டாள்.

நாங்கள் படியில் ஏற, குக்கர் இறங்கினாள். தலை வாரியிருக்கவில்லை, கேபினில் போடும் ரப்பர் செருப்போடேயே ஓடினாள். எங்கள் ஆட்கள் யாரும் அவளுக்கு வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் இறங்கினாள். "இப்ப சந்தோஷமா உனக்கு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு அன்று முழுவதும் யாரும் என்னோடு பேசவில்லை.

மேல்தளத்திலிருந்து பார்த்தேன். இருவரும் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அக்கா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். வாயைப் பொத்திக் காட்டினாள், விரலை ஆட்டினாள். உனக்கு எதுக்குடி இவ்வளவு வாய் என்பதாகத்தான் இருக்க வேண்டும். இவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அக்கா சாரின் பையைப் பிடித்து நின்ற வாசலையும் அக்காவையும் மாறி மாறிக் காட்டினாள். நடுரோட்டில் அப்படியே சண்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அந்த ஓட்டுநரைத் திட்டினார்கள். பிறகு அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.