நாலு திரைக்குப் போதுமான கார்டு

மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் தமிழ்வாணி. அப்பா சோலையும் அம்மா முனியாயியும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மகள் பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் ஒரு கடையில் பழுது பார்க்கக் கற்று, பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்தே சொந்தக் கடை போட்டார்.

சென்ற பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த பெண்கள் கபடிப் போட்டியில், விழாக்குழுத் தலைவர் வெள்ளைத்துரையிடம் அவரே போய்க் கேட்டார்.

"அண்ணே, கரும்பலகையை விடுங்க. ஒரு டி.வி.யில புள்ளி, ஒண்ணுல கேமரா வழியா ஆட்டம், ஒண்ணுல நடுவருக்கு ரீப்ளே. நாலாவது திரை எனக்கு. எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல."

"நடுவுல நின்னு போச்சுன்னா?"

"அதோட என்னைக் கூப்பிடாதீங்க."

போட்டியன்று காலை நாலு திரைகளும் பளிச்சென்று எரிந்தன. வீடியோவை ஓட்டியதும் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது.

"லைன்ல வோல்டேஜ் இல்ல" என்று விழாக்குழுவைச் சேர்ந்த ராஜபாண்டி ஜெனரேட்டருக்கு மாற்றினார். அணைந்தது. "ஒரு பெட்டி அம்புட்டு டி.வி.யை இழுக்குமா? ரெண்டைக் கழட்டு மாப்ள" என்று ஒருவர் ராஜபாண்டியைக் கழற்ற வைத்தார். அப்போதும் அணைந்தது. கண் பட்டிருக்கும் என்று யாரோ பெட்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். அதற்கும் அது மசியவில்லை.

வெள்ளைத்துரை சாக்பீஸ் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

தமிழ்வாணி பெட்டியைத் திறந்து பார்த்தபடி நின்றார். பிறகு தலையில் தட்டிக்கொண்டார். "டி.வி.க்கெல்லாம் தனித்தனியா கரண்டு போகுதுண்ணே. அதுல ஒண்ணுமில்ல. திரைக்குப் படம் அனுப்புற கார்டுல, கேம் ஆடுறவங்க போடுற பெரிசை இதுக்குள்ள மாட்டுனது என் தப்பு. இந்தப் பழைய பெட்டிக்குள்ள கரண்டு பிரிச்சுக் குடுக்குற எஸ்.எம்.பி.எஸ்.ஸால அதுக்குத் தீனி போட முடியல."

ஸ்கூட்டியில் கடைக்குப் பறந்தார். திரும்பும்போது கையில் உள்ளங்கை அகலச் சின்னக் கார்டு. அதற்குத் தனி மின்சார வயரே கிடையாது. அதில் இரண்டு திரைகளைச் செருகினார். மற்ற இரண்டையும் கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே இருந்த துளைகளில் செருகினார்.

இரண்டு திரைகள்தான் எரிந்தன.

"பாதிக் கபடிதான் பாக்கணும்போல" என்றார் ராஜபாண்டி.

"பொறுங்கண்ணே. தனியா கார்டு மாட்டுனா, போர்டுலயே படம் அனுப்புறது தானா தூங்கிரும். எழுப்பணும்."

கம்ப்யூட்டர் தொடங்கும்போதே உள்ளே நுழைந்து ஓர் அமைப்பை மாற்றினார். மூன்றாவது திரை எரிந்தது. நான்காவதும் எரிந்தது! வீடியோ ஓடியது, பெட்டி அணையவில்லை. முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள்.

இறுதி ஆட்டத்தில் மேலூரும் டி. கல்லுப்பட்டியும் சமநிலை. கடைசிப் பாட்டுக்குக் கல்லுப்பட்டி பவதாரிணி பாடிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள். எங்கள் பெண்கள் நான்கு பேர் அவளை அமுக்கினார்கள். அவள் நடுக்கோட்டுக்குக் கை நீட்டினாள். தொட்டாளா, இல்லையா? இரண்டு ஊரும் களத்துக்குள் இறங்கிவிட்டன.

நடுவர் தமிழ்வாணியைப் பார்த்தார். தமிழ்வாணி பட்டனை அழுத்தினார். நாலு திரையும் எரிந்துகொண்டிருக்க, வீடியோ மெதுவாக ஓடியது. பவதாரிணியின் நடுவிரல் கோட்டின் மேல் பதிந்திருந்தது, தெள்ளத் தெளிவாக.

கல்லுப்பட்டி ஜெயித்தது.

"ஏத்தா, நீ நம்ம ஊர்க்காரிதானா? அந்த நேரம் பாத்து அது அணைஞ்சிருக்கக் கூடாதா?" என்று ராஜபாண்டி கத்த, களமே சிரித்தது.

வெள்ளைத்துரை மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அடுத்த வருசம் அந்தப் பக்கமும் ஒரு கேமரா வைப்பியாத்தா?"

"வைக்கிறேண்ணே. பெட்டி தாங்குமான்னு மொதல்ல பாத்துட்டு வாரேன்" என்றார் தமிழ்வாணி.