பிளாஸ்டிக் கட்டைக்குள் தீக்குச்சி

கார்லீன் ஹெய்க்கினனுக்கு ரெய்னோ மட்டிலா அறுபது டாலர் தர வேண்டியிருந்தது. போன மார்ச்சில் இறக்கிய ஒரு லோடு மேப்பிள் விறகுக்கு மிச்சம் நின்ற பணம் அது.

பணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் வடக்கே எங்கள் மேல் மிச்சிகன் பக்கத்தில் ரெய்னோவைப் போல் கையை ஊன்றி எழுந்த இன்னொருத்தனை யாராவது காட்டட்டும், பார்க்கலாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, பதினைந்து வயதில் மரம் வெட்டும் கூட்டத்தோடு காட்டுக்குப் போனவர். ரம்பம் தீட்டக் கற்று, பட்டறை போட்டு, நாற்பது ஏக்கர் நிலம் வாங்கி, சாவ்னா என்னும் நீராவிக் குளியல் அறையோடு வீடு கட்டி, மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தது எல்லாமே அந்த இரண்டு கையால்தான். ஒரு பொருளோடு வரும் குறிப்புத்தாளை அவர் பிரித்துப் பார்த்ததே கிடையாது. "தாளை எழுதினவன் பட்டறையில நின்னிருப்பானா?" என்பார். பணத்தை எடுத்துக் கொடுப்பதைவிட வேலை செய்து கடனைக் கழிப்பதுதான் அவருக்குக் கௌரவம்.

ஆகவே மான் வேட்டைப் பருவம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது கார்லீன் தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்ததில் அவருக்கு ஏகச் சந்தோஷம். கார்லீன் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். நாற்பத்தைந்து வயது, தனியாள், ஓய்வு நாளில் விறகு வெட்டி விற்பாள். அவளுடைய துப்பாக்கியில் தோளோடு பதிகிற பழைய வால்நட் மரக்கட்டை பிளந்துபோனதால் தபாலில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை வரவழைத்து மாட்டியிருந்தாள். அதில் தோள்வாரைக் கோக்கும் குமிழ்கள் இல்லை. ஓட்டையும் போட்டிருக்கவில்லை. இரண்டு எஃகுக் குமிழ்களையும் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வாங்கி வந்திருந்தாள்.

"பெரியவரே, இதப் பூட்டித் தர எவ்வளவு?"

"அறுபது டாலர்."

"அடப்பாவி! ரெண்டு திருகாணிக்கா?"

"உனக்கு நான் தரவேண்டியது எவ்வளவு? அறுபது. கழிச்சுக்க. கணக்கு சரி."

கார்லீன் சிரித்தாள். "உங்ககிட்ட காசு வாங்கறதுக்குப் பதிலா கரடிகிட்ட தேன் வாங்கிடலாம். சரி, ஒழுங்கா செஞ்சு தாங்க."

"ஒழுங்காவா? யாருகிட்ட பேசறே? எங்க அப்பா காலத்துலேர்ந்து இருநூறு துப்பாக்கிக்குக் குமிழ் வச்சிருக்கேன்."

வைத்தது உண்மைதான். இருநூறும் மரக்கட்டை.

முன்பக்கத்துக் குமிழ் சுலபமாக முடிந்தது. குழலைக் கழற்றி, கட்டையின் மூக்கில் ஓட்டை போட்டு, உள்ளிருந்து நட்டு வைத்து இறுக்கினார். பின்பக்கம், தோளில் பதிகிற முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, அடிவிளிம்பின் நட்டநடுவில் பென்சிலால் புள்ளி வைத்தார். ஆழம் தெரிய டிரில் முனையில் ஒட்டுத்தாள் சுற்றிக்கொண்டார். மரமென்றால் டிரில் கடைசிவரை முனகிக்கொண்டே இறங்கும். இதுவோ கால் அங்குலம் போனதும் சட்டென்று உள்ளே விழுந்தது. ஒரு நொடி ரெய்னோவின் கை நின்றது. பிறகு மரத்தில் ஓட்டை லொடலொடத்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். ஒரு தீக்குச்சியை ஒடித்துத் தச்சர் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் திணித்து, அதன்மேல் குமிழைத் திருகினார். இறுகிற்று. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

மறுநாள் வாங்க வந்தவளிடம், "உன் லாரியவே இதுல தொங்கவிடலாம். இனிமே மரத்து மேல இருக்கற உன் வேட்டைப் பரணுக்குத் துப்பாக்கியக் கயிறு கட்டி இழுக்கற வேலையெல்லாம் வேணாம். தோள்ல மாட்டிட்டு ஏணியில ஏறு," என்றார்.

பருவம் திறந்த நாள் காலையில் பனி கொட்டியது. கார்லீனுக்கு லாரி வேலை. ரெய்னோ தன் மறைவிடத்தில் பதினொரு மணிவரை உட்கார்ந்துவிட்டு, ஒரு மான்கூடக் கண்ணில் படாமல் திரும்பினார். ஐலி, அவருடைய மனைவி, இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டியும் காபியும் வைத்தாள். தின்றுவிட்டுப் பட்டறைக்குள் போனவரின் கண்ணில் அந்தப் பசை டப்பா பட்டது. பிளாஸ்டிக் மூடியின்மேல் இரண்டு நாளுக்கு முன் வழிந்த பசை காய்ந்து மஞ்சளாக நின்றது. சும்மா நகத்தால் நெருடினார். முழுசாகக் கழன்று, பால் ஆடைபோல் கைக்கு வந்தது. மூடி வழவழவென்று கிடந்தது.

பிளாஸ்டிக்கில் அந்தப் பசை ஒட்டவே ஒட்டாது. கார்லீனின் கட்டையும் பிளாஸ்டிக்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் குமிழ் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி, அதற்குள்ளிருந்த மடித்த தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

"ஐலி, இதப் படி."

"உங்களுக்கு என்ன ஆச்சு? தாளெல்லாம் படிக்கச் சொல்றீங்க?"

"படிடீங்கறேன்!"

ஐலி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பிளாஸ்டிக் கட்டை உள்ளே வெற்றுக் கூடாக இருந்தால், மரத் திருகு பிடிக்காது. கூட்டை எபாக்ஸி பசையால் நிரப்பி, ஒரு முழு நாள் இறுகவிட்டு, அதன் பிறகே ஓட்டை போடவும்." நிமிர்ந்தாள். "யாரோட துப்பாக்கி?"

"கார்லீனோடது."

"கார்லீன் ரெண்டு மணிக்குச் சதுப்புக் காட்டுக்கு வேட்டைக்குப் போறேன்னு சொன்னாளே. என்கிட்ட ஏலக்காய் ரொட்டி வாங்கிட்டுப் போனா, இப்பத்தான்."

போன் போட்டார். சதுப்புக்குள் போனால் யாருடைய போனும் அடிக்காது, அது தெரிந்தும் மூன்று தடவை போட்டார். மணி ஒன்று ஐம்பது.

வண்டியை எடுத்துப் பாதி வழி போன பிறகுதான் ஆரஞ்சுச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டது உறைத்தது. இன்றைக்கு அந்த நிறம் இல்லாமல் காட்டுக்குள் கால் வைப்பவன் மானாகவே சாவான். திரும்பிப் போக நேரமில்லை. வண்டியின் பின்னால் மரம் வெட்டும்போது போடும் ஆரஞ்சுத் தலைக்கவசம் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, கார்லீனின் வண்டி நின்ற இடத்தில் இறங்கி, அவளுடைய காலடித் தடத்தைப் பிடித்து நடந்தார்.

பனி முழங்காலுக்கு வந்தது. அறுபத்தெட்டு வயது நெஞ்சு தடதடவென்று அடித்தது. அவள் எட்டாவது படியில் நிற்பதும், குமிழ் பிடுங்கிக்கொள்வதும், துப்பாக்கி தலைகீழாகப் போவதும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் ஓடின. தோட்டா போட்டிருப்பாளா? மேலே உட்கார்ந்த பிறகு போடுவதுதான் அவள் வழக்கம். இன்றைக்கும் அப்படியா? காலையெல்லாம் லாரி ஓட்டிய களைப்பு, அவசரம். ஏணிக்குப் போகிற வழியில் மான் வரட்டும் என்று முன்பே போட்டிருந்தால்?

அப்போது வெடி கேட்டது. ஒரே ஒரு வெடி.

ரெய்னோ நின்றுவிட்டார். சத்தம் எந்தத் திசை? நேர் எதிரிலா, மேட்டுக்கு அப்பாலா? மான் மேல் சுட்டவன் பெரும்பாலும் இரண்டாவதும் சுடுவான். ஒன்றோடு நின்றால்? காதைத் தீட்டிக் காத்திருந்தார். இரண்டாவது வெடி வரவேயில்லை. அதன் பிறகு அவர் நடந்தது நடையில்லை. இரண்டு தடவை விழுந்தார். கையுறை ஒன்று எங்கோ போயிற்று.

தேவதாரு மரத்தடியில் ஏணி தெரிந்தது. ஏணியின் நடுவில் கார்லீன். உயிரோடு, ஏறிக்கொண்டு, முதுகில் துப்பாக்கியோடு. வெடி வேறு யாரோ சுட்டது. ஒவ்வொரு படிக்கும் வார் இழுபட்டுத் தளர்ந்தது. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவாள். கத்தாவிட்டால் இன்னும் ஐந்து படி ஏறுவாள். ரெய்னோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாட்டைத் தொழுவத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார்.

"கார்லீன்... திரும்பாதே. நான்தான், ரெய்னோ."

"யோவ் பெரியவரே! மான் விரட்டறதுக்குன்னே வந்தீங்களா? அது என்ன தலையில, பூசணிக்காயா?"

"தோட்டா போட்டிருக்கியா?"

"இல்ல. ஏன்?"

"ஒரு கையால கட்டைய அடியில தாங்கிப் பிடிச்சுக்க. மெதுவா இறங்கி வா. அப்புறம் எவ்வளவு வேணாத் திட்டு."

கார்லீன் கட்டையை அடியில் தாங்கிக்கொண்டு படிபடியாக இறங்கினாள். தரைக்கு வந்ததும் ரெய்னோ துப்பாக்கியை வாங்கி, பின்பக்கக் குமிழை இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தார். பல் கழல்கிற மாதிரி வந்தது. கூடவே பாதித் தீக்குச்சியும் வந்தது.

கார்லீன் அந்தத் தீக்குச்சியைக் கையில் வாங்கினாள். பிறகு நிமிர்ந்து ஏணியின் உச்சியைப் பார்த்தாள்.

"லாரிய தொங்கவிடலாம்னீங்க."

"சொன்னேன்."

"இத வச்சுக்கிட்டு ஏறிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியலம்மா. மரம் மாதிரியே செஞ்சுட்டேன். உள்ள கூடுன்னு டிரில் சொல்லுச்சு, நான்தான் கேக்கல."

ரெய்னோ மட்டிலா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அந்த மாவட்டத்தில் யாரும் கேட்டதில்லை. கார்லீன் பையிலிருந்து பழைய கயிற்றை எடுத்துத் துப்பாக்கியில் கட்டினாள்.

"திங்கக்கிழமை கொண்டு வா. பசை ஊத்தி நிரப்பி, தாள்ல எழுதினபடியே செஞ்சு தரேன். காசு வேணாம்."

"அது அப்புறம். கணக்கு சரின்னீங்களே, அந்தக் கணக்கு என்னாச்சு?"

கையுறையைக் கழற்றிவிட்டு அவள் உள்ளங்கையை நீட்டினாள். ரெய்னோ பணப்பையை எடுத்தார். விறைத்த விரலுக்குத் தாள்கள் பிரியவில்லை. எச்சில் தொட்டுப் பிரித்தார். ஒரு இருபது, இன்னொரு இருபது, ஒரு பத்து. பிறகு சட்டைப் பைக்குள் துழாவி, ஒரு ஐந்து, கசங்கிய ஐந்து ஒற்றை டாலர்கள். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணி, கடைசித் தாளையும் அவள் கையில் வைத்தார்.