பட்டில் விழுந்த வட்டம்

பழங்காநத்தத்தில் நாகஜோதியின் வீட்டு முன்னறைக்குச் சனிக்கிழமைதோறும் ஆறேழு பெண்கள் எம்ப்ராய்டரி கற்க வருவார்கள். ஊசியைக் கையில் கொடுப்பதற்கு முன், துணியை விறைப்பாகப் பிடிக்கும் மர வளையம் பார்த்து வாங்கத்தான் அவர் பழக்குவார். உள்வளையமும் வெளிவளையமும் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். விளிம்பில் விரலை ஓட்டினால் சிராய் தட்டக் கூடாது. பட்டுக்கென்றால், தடம் விழாமலிருக்க உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்ற வேண்டும். முக்கியமாக, அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். இதைச் சொல்லாத வாரமில்லை.

கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் கனகா, இறந்துபோன தன் அம்மாவின் அரக்குப் பட்டுச்சேலையிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தாள். தங்கச்சி கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்து, கையில் மயில் போட்டுத் தரவேண்டும் என்றாள்.

நாடா சுற்றிய வளையங்கள் எல்லாம் அப்போது வேறு துணிகளில் இருந்தன. புதிதாக வாங்கிய மலிவு வளையம் ஒன்றை அப்படியே பட்டில் மாட்டி, அதன் திருகாணியை இறுக்கினார் நாகஜோதி. பாதி மயில் ஆனபோது உசிலம்பட்டியில் அண்ணன் வீட்டு விசேஷம் வந்தது. துணியை வளையத்தோடு விட்டுவிட்டுக் கிளம்பினார். ஐந்தாம் நாள் திரும்பிவந்து கழற்றினால், பட்டில் வட்டமாக மடிப்பு விழுந்து, அதன் நெடுகிலும் இழை விட்டிருந்தது. ஓரிடத்தில் சிராய் மாட்டிக் கிழித்தேவிட்டது.

கனகா வந்தது சனிக்கிழமை. அறை நிறைய மாணவிகள்.

“துணி ரொம்பப் பழசு கனகா. இத்துப்போயிருக்கு. ஊசி தாங்கலை” என்றார் நாகஜோதி.

கனகா கோபப்படவில்லை. “என் தப்புத்தான்க்கா. பாக்காமக் குடுத்து, உங்க வேலையையும் கெடுத்துட்டேன்” என்று துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பவதாரிணி என்ற மாணவி அந்த வட்டத்தைப் பார்த்திருந்தாள். குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். நாகஜோதிக்குக் காது மடல் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை வளையத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார். தலைவலி என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை மத்தியானம் பஸ் ஏறிக் கப்பலூருக்குப் போய், கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றார். ஷிப்ட் முடிந்து வந்த கனகாவிடம், வளையம் மாட்டியதிலிருந்து பொய் சொன்னது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். புதுப் பட்டு எடுத்துத் தைத்துத் தருவதாகவும் சொன்னார்.

கனகா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சேலையே இத்துப்போச்சுன்னு நெனச்சேன்க்கா. தெருவுல பழைய பட்டு எடுக்க வந்தவருகிட்ட மிச்சத்தையும் போட்டுட்டேன். அம்மாவோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான்.”

கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

நாகஜோதி இரண்டு வாரம் பழந்துணி எடுப்பவர்களைத் தேடித் தெருத்தெருவாக விசாரித்தார். சேலை கிடைக்கவில்லை. நடந்ததையெல்லாம் வகுப்பில் சொன்னார். அதன்பின் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தை மாதம் பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் கனகாவைப் பார்த்தார். ஒதுங்கி நடக்கப் போனவரைக் கனகாவே நிறுத்தினாள்.

“நல்லாயிருக்கீங்களாக்கா? தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு.”

நாகஜோதி தலையை ஆட்டினார். பஸ் வந்து கனகா ஏறும்வரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.