மெல்லகண்ணு

என் தங்கையின் மூக்கில் கண்ணாடி நிற்காது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள்; மூக்குத்தண்டு தட்டையாக இருக்கும். முதல் கண்ணாடி வாங்கிய அன்று மூன்று முறை நழுவி உதட்டில் வந்து உட்கார்ந்தது. அம்மா என் பழைய பாவாடையிலிருந்து இலாஸ்டிக்கை உருவி, இரண்டு காம்பிலும் தைத்து, தலைக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே போட்டிருக்க வேண்டிய கண்ணாடி அது.

தாமதத்துக்குக் காரணம் ஒரு சொல். கைக்குழந்தையிலேயே அவளுடைய இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஆந்திராப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை வந்து பார்த்துவிட்டு, "மெல்லகண்ணும்மா இது, லக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினார். தெலுங்கில் அதற்கு மாறுகண் என்று பொருள். அம்மாவோ திருவாலங்காட்டுக்காரி, தெலுங்கு வராது. மெல்லத் திரும்பிவிடும் கண் என்று எடுத்துக்கொண்டாள். நைனாவுக்குப் பொருள் தெரியும். ஆனால் எங்கள் நைனா எதையும் விளக்கிச் சொல்கிற ஆள் இல்லை.

கண் டாக்டரிடம் காட்டச் சொன்னவர்களிடமெல்லாம் அம்மா, "மெல்லகண்ணுங்க, திரும்பிகினு இருக்குது" என்பாள். தடுப்பூசி போடப் போன இடத்திலும் "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கிருத்திகைக்கு மலைக்குப் போவோம். ஏறும்போது எங்களுக்கு முன்னால் ஓடுவாள். இறங்கும்போது மட்டும் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். காலை நீட்டித் தடவித் தடவிப் பார்ப்பாள். பின்னால் கூட்டம் முட்டும். எனக்குப் பன்னிரண்டு வயது, மானம் போகும். "சீன் போடாத, எழுந்திருடி" என்று தொடையில் கிள்ளியிருக்கிறேன். படி எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பிடிவாதம் என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

கடைசியில் பள்ளிக்கூட டீச்சர் பிடித்த பிடியில் சென்னைக்குக் கூட்டிப் போனோம். இடது கண் பார்க்கப் பழகவே இல்லை, மூளை அதைக் கைவிட்டுவிட்டது என்றார் டாக்டர். சின்ன வயதிலேயே நல்ல கண்ணை மறைத்துப் பழக்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

"மெல்லகண்ணுதானே சார்? கொஞ்சம் கொஞ்சமா வந்துடாதா?" என்று அம்மா கேட்டாள். டாக்டருக்குத் தெலுங்கு தெரியும். அவர் பொருளைச் சொன்னதும் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரயில் அரக்கோணம் தாண்டியதும், "உங்க அத்தை என்னை ஏமாத்திட்டா" என்றாள். அத்தை ஏமாற்றவில்லை.

தங்கைக்கு இப்போது இருபத்திரண்டு. மிச்சம் இருந்த வலது கண்ணை வைத்துத்தான் டிவி பார்த்தாள், பூ கட்டினாள், என் பெண்ணுக்குத் தலை வாரினாள். எந்நேரமும் அதைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். கையைத் தட்டிவிடுவோம், மறுபடியும் கசக்குவாள். போன மாதம் அது சிவந்து வீங்கியது. அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த முறை ஒரு இளம் டாக்டர். கசக்கிக் கசக்கிக் கருவிழி மெலிந்து, நீர் கோத்து, வெளுத்துவிட்டது என்றார். எவ்வளவு பார்வை திரும்பும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"ரொம்ப நாளாவே மங்கலாத்தான் இருந்திருக்கும். இவங்க சொல்லலியா?"

"ஒரு வார்த்தை சொல்லலீங்க சார்" என்றாள் அம்மா.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை தலையைத் தூக்கினாள். "சொன்னேன்" என்றாள். "புகைன்னு சொன்னேன்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆமாம், சொன்னாள். மாதக்கணக்காக, காலையில் எழுந்ததும் "அக்கா, புகை" என்பாள். "கேஸ் அடுப்புல ஏதுடி புகை?" என்று நான் சிரிப்பேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அம்மா போய் ஜன்னலைத் திறந்துவிடுவாள்.