மைத்துனரைக் கரையில் விட்டவர்

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரைட்டு’ என்றால்தான் தெரியும். நகரப் பேருந்தில் கண்டக்டராகச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த சொல் அதுதான். அதற்கு அடுத்தபடியாக வந்த சொற்களை அச்சில் போட முடியாது. பயணி என்கிற பிறவியையே அவருக்குப் பிடிக்காது. படியில் தொங்குகிறவன், இறங்கவேண்டிய நிறுத்தம் போன பிறகு தூக்கம் கலைந்து கத்துகிறவன், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறவன் எல்லாரும் அவர் கண்ணுக்கு ஒரே ரகம். “வண்டியில ஏறினதுமே மனுஷனுக்கு மூளை இறங்கிடும்” என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு சொகுசுக் கப்பலில் பயணியாக ஏறினார் என்றால் அதற்குக் காரணம் மைத்துனர். மனைவியின் தம்பி, டைல்ஸ் கடை வைத்து நன்றாக வந்தவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் துக்க வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். “இது நம்ம கடை சரக்கு இல்லையே” என்று செருப்பு நுனியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

“மாமா, நாம நாலு பேரும் கப்பல்ல போறோம். டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. நீங்க கையை வீசிட்டு வந்தா போதும்” என்றார் ஒரு நாள்.

“எனக்குத் தண்ணி ஆகாது மாப்ளே.”

“கப்பல்ல போறவங்க தண்ணி மேலயா நடக்குறாங்க?” என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “என் தம்பி ஆசையாக் கூப்பிடுறான். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம கிளம்புங்க.”

கிளம்பினார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் கிளம்பினார்.

டைல்ஸ்காரருக்கும் அவர் மனைவிக்கும் கடலைப் பார்த்த பால்கனி அறை. அக்காவுக்கும் மாமாவுக்கும் கப்பலின் வயிற்றுக்குள் ஒரு அறை. ஜன்னல் கிடையாது. ஜன்னலே இல்லாத சுவரில் யாரோ திரைச்சீலை மட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். ரைட்டு அதை விலக்கிப் பார்த்தார். சுவர். மறுபடி மூடினார்.

“பால்கனி இருந்தா அக்காவுக்குத் தலை சுத்தும்னுதான் உங்களுக்கு உள்பக்கமாப் போட்டேன்” என்று டைல்ஸ்காரர் விளக்கம் சொன்னார்.

“உங்கக்காவுக்குத் தலை சுத்தி நான் பார்த்ததில்ல. மத்தவங்க தலையைத்தான் சுத்த வைப்பா” என்றார் ரைட்டு. டைல்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா எது சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பே ரைட்டுக்கு எரிச்சல்.

கப்பல் புறப்படும் முன் எல்லாரையும் மேல்தளத்தில் நிற்கவைத்து, ஆபத்து வந்தால் உயிர்காப்பு அங்கியை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். காட்டியவரை ஒருவரும் பார்க்கவில்லை. ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் முழுகினால் இவர்கள் அதையும் படம் பிடித்துவிட்டுத்தான் குதிப்பார்கள் என்று நினைத்தார் ரைட்டு. பிறகு கையில் மைக்கோடு ஒரு பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். “எல்லாரும் ஜாலியா இருக்கீங்களா?” என்றாள். “இருக்கோம்” என்றார்கள். “சத்தம் பத்தலையே!” என்றாள். காது கிழியக் கத்தினார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு கத்துவதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவியும் கையைத் தூக்கியிருந்தாள்.

விடிந்ததும் காற்று வாங்கப் போனார். நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலிகளில் ஓர் ஆள்கூட இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் துண்டு. அதற்குள் எழுந்து வந்து துண்டு போட்டுவிட்டு, மறுபடி போய்ப் படுத்துவிட்டார்கள். ரைட்டுக்கு ஒரு விதத்தில் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஒரு துண்டைச் சுருட்டிப் பக்கத்து நாற்காலியில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார். அதைப் பற்றி அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையிலிருந்து இரவுவரை அள்ள அள்ளக் குறையாத தட்டுகள். டைல்ஸ்காரர் கண்ணில் பட்ட கேக்கிலெல்லாம் ஒரு துண்டு எடுத்து வருவார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்து, “இது சுமார்” என்று ஒதுக்கிவிட்டு மறுபடி எழுந்து போவார். தட்டு எடுக்க வந்த பணியாள் சிரித்தபடியே அந்தக் கடித்த துண்டுகளை வாளியில் தள்ளுவார். அந்தச் சிரிப்பை ரைட்டுக்குத் தெரியும். மேலதிகாரி வண்டியில் ஏறும் நாளில் அவரும் அப்படித்தான் சிரித்திருக்கிறார்.

முதல் துறைமுகத்தில் ஒரு கோட்டையைக் காட்ட அழைத்துப் போனார்கள். இறங்கும்போதே எல்லார் நெஞ்சிலும் பஸ் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். “பார்சலா நாம?” என்று முணுமுணுத்தார். கோட்டையில் அவர் பார்த்தது கோட்டையை அல்ல, முன்னால் போனவரின் முதுகை. ராணி குளித்த அறை என்று ஒன்றைக் காட்டியபோது டைல்ஸ்காரர் குனிந்து தரையைத் தட்டி, “பாலிஷ் போயிடுச்சு. நம்மகிட்ட விட்டா ஒரே வாரத்துல மாத்திடலாம்” என்றார். வெளியே வரும் வழி ஒரு கடைக்குள் புகுந்துதான் வந்தது. எல்லாரும் வாங்கினார்கள். எதற்கு வாங்குகிறோம் என்று ஒருவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

இரண்டாவது துறைமுகத்தில் பெண்கள் இருவரும் கப்பலிலேயே தங்கிவிட்டார்கள். ரைட்டின் மனைவிக்கு முட்டி வலி. டைல்ஸ்காரரின் மனைவி முகத்துக்கு ஏதோ பூசிக்கொள்ளக் கப்பல் அழகு நிலையத்தில் நேரம் வாங்கியிருந்தாள். ஆண்கள் இருவர் மட்டும் சுற்றுலா பஸ்ஸில் ஏறினார்கள். வழிகாட்டியாக வந்தது ஒரு சின்னப் பெண். தொண்டை கட்டிப்போய்க் குரல் வரவில்லை. மஞ்சள் குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி, இருமி இருமிப் பேசினாள்.

மீனவர் வாழ்க்கையைப் பார்க்கலாம் என்றார்கள். ஒரு குடிசை வாசலில் ஓர் அம்மாள் வலை பின்னிக்கொண்டிருந்தாள். கூட்டம் சூழ்ந்துகொண்டு படம் பிடித்தது. திடீரென்று வலைக்கு அடியிலிருந்து செல்போன் மணி அடித்தது. அந்த அம்மாள் பின்னுவதை நிறுத்தாமல், “இப்பதான் முதல் கூட்டம் வந்திருக்கு, இன்னும் ரெண்டு இருக்கு, அப்புறம் பேசுறேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்று முழுவதும் ரைட்டுக்குப் பிடித்திருந்த ஒரே மனுஷி அவள்தான்.

டைல்ஸ்காரர் ஒவ்வொரு இடத்திலும் கடைசியாகத்தான் வந்து ஏறினார். வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் எல்லாரும் வெந்துகொண்டிருப்பார்கள். அவர் சாவகாசமாக இளநீர் உறிஞ்சிக்கொண்டு வருவார். வழிகாட்டிப் பெண் விரலை நீட்டி நீட்டி ஆள் எண்ணுவதும், பாதியில் இருமல் வந்து விட்டுப்போவதும், மறுபடி எண்ணுவதும் ரைட்டுக்குப் பொறுக்கவில்லை.

“தள்ளும்மா. விரல் விட்டு எண்ணினா விடிஞ்சிடும். நான் பார்த்துச் சொல்றேன்” என்று எழுந்தார். ஒரு பார்வைதான். “ஒரு ஆள் குறையுது. எங்க ஆள்தான், வந்துட்டிருக்கார்.”

“ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். இனிமே நீங்களே பார்த்துச் சொல்லிடுங்களேன், எனக்கு முடியல” என்றாள் அவள்.

கடைசியாக நின்றது மரச் சிற்பக் கடை. எல்லாரும் வந்து ஏறியாயிற்று. டைல்ஸ்காரர் மட்டும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு மர யானையின் தும்பிக்கையைப் பிடித்து ஆட்டியபடி கடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பது ரைட்டுக்குத் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து ஒருவர், “பெரியவரே, உங்க ஆளுதானே அது? குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட இங்கிதம் தெரியாதா?” என்றார்.

வாழ்நாளெல்லாம் வண்டியைக் காக்க வைத்தவர்களைத் திட்டியவர் அவர். இன்று அவரையே அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். காது மடல் சுட்டது.

வழிகாட்டிப் பெண் ஏறினாள். “எல்லாரும் வந்தாச்சா அங்கிள்?”

பக்கத்து சீட்டில் டைல்ஸ்காரரின் தோள்பை இருந்தது. ரைட்டு அதை எடுத்துத் தன் காலுக்கடியில் தள்ளினார்.

“வந்தாச்சு. போலாம், ரைட்.”

பஸ் நகர்ந்தது. மனசுக்குள் குளுகுளு என்று இருந்தது. டாக்சி பிடித்து, வேர்த்து வழிந்து, அரை மணி தாமதமாக வந்து நிற்பார், திமிர் கொஞ்சம் இறங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். டைல்ஸ்காரரின் செல்போன் அந்தப் பைக்குள் இருப்பதும், துறைமுகப் பாலத்தில் அன்று லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்கப்போவதும் அவர் கணக்கில் இல்லை.

கப்பலின் ஏணியை எடுக்கும் நேரம் வந்தது. ஒலிபெருக்கியில் டைல்ஸ்காரரின் அறை எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெண்கள் இருவரும் மேல்தளத்துக்கு ஓடி வந்தார்கள். மைத்துனரின் மனைவி முகத்தில் பூசியதைக்கூடக் கழுவவில்லை.

“அண்ணே, அவரு எங்கே? நீங்க கூடத்தானே போனீங்க?”

“கூட்டத்துல கவனிக்கலம்மா. வேற பஸ்ல வந்துட்டிருப்பார்” என்றார்.

மேல்தளத்துக் கம்பியோரம் ஒரே கும்பல். தாமதமாக வருகிறவர்கள் ஓடி வருவதை வேடிக்கை பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்காம். ஏணி உள்ளே போன பிறகு, துறைமுக வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. டைல்ஸ்காரர் இறங்கி ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு. கக்கத்தில் மர யானை. “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று யானையைத் தூக்கி ஆட்டினார். கும்பல் விசில் அடித்தது. “ஓடு தலைவா, ஓடு!” என்று ஒருவன் கத்த, எல்லாரும் கைதட்டினார்கள். வரிசையாக செல்போன்கள் நீண்டன. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. டைல்ஸ்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் யானையைத் தரையில் வைத்தார். அதைப் பார்த்துக் கும்பல் இன்னும் பலமாகச் சிரித்தது.

“டேய், அது என் தம்பிடா! எதுக்குடா சிரிக்கிறீங்க?” என்று ரைட்டின் மனைவி வீறிட்டாள்.

ரைட்டுக்கு அந்தக் கும்பலைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் அற்பப் பிறவிகள். ஆனால் இந்த வேடிக்கையை இவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் யார் என்று மனசு கேட்டபோது அவரிடம் பதில் இருந்தது.

ஜன்னலில்லாத அறைக்குத் திரும்பியதும், கட்டிலுக்கடியில் அவர் தள்ளி வைத்திருந்த மைத்துனரின் தோள்பைக்குள் போன் அடித்தது. மனைவி குனிந்து பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“அவன் பை உங்ககிட்ட இருக்கு. அவன் மட்டும் இல்ல.”

அவர் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

“வேணும்னேதான் விட்டுட்டு வந்தீங்களா?”

அவர் அந்தத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

அடுத்த துறைமுகத்தில் டைல்ஸ்காரர் வந்து சேர்ந்தார். துறைமுக அலுவலக பெஞ்சில் படுத்து, ரயில் மாறி, பஸ் மாறி, அழுக்குச் சட்டையும் மர யானையுமாக வந்தார். வந்ததும் மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு நேராகக் கப்பலின் சுற்றுலா மேசைக்குப் போய் அதை ஓங்கி அடித்தார்.

“அந்தக் குடை பிடிச்ச பொண்ணு ஆளை எண்ணாமயே வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கா. அவளை வேலையை விட்டு அனுப்பாம நான் விடமாட்டேன்.”

“அவங்க கம்பெனிக்குச் சொல்லியாச்சு சார். இனிமே எங்க கப்பலுக்கு அந்தப் பொண்ணு வரமாட்டாங்க” என்றார் அதிகாரி.

ரைட்டுக்குப் பகீரென்றது. யாரோ ஒரு பயணி எழுதிப் போட்ட பொய்ப் புகாரால் அவரும் ஒருமுறை சஸ்பெண்ட் ஆகி மாசக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது வீடு எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல” என்று முன்னால் போனார். “எண்ணினது நான். எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னதும் நான்தான்.”

மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். டைல்ஸ்காரர் வாயைத் திறந்து மூடினார். வெடிக்கப்போகிறார் என்று ரைட்டு காத்திருந்தார். வெடித்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மைத்துனரின் முகம் மெல்ல இளகியது.

“அட, மாமா! இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? எண்ணிக்கை தப்பிடுச்சா?”

“எண்ணிக்கை தப்பல.”

“சரி, சரி. தப்பல. விடுங்க.” அதிகாரியின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “காலமெல்லாம் கண்டக்டரா இருந்தவர் சார். அந்தக் காலத்துல ஒரு பார்வை பார்த்தா போதும், எத்தனை பேர்னு சொல்லிடுவார். இப்ப வயசாச்சு.” விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். “பொண்ணு மேல கொடுத்த புகாரை எடுத்துடுங்க. எங்க வீட்டு விஷயமாப் போச்சு.”

“இல்ல மாப்ளே, நான் வேணும்னு...” என்று ஆரம்பித்தார் ரைட்டு. மனைவி அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

அறைக்குள் வந்ததும் அவள் பேசினாள். “உங்களைக் கிழவன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். வேணும்னு செஞ்சீங்கன்னு தெரிஞ்சா என் தம்பி அழுதுடுவான். நீங்க சொல்றதுக்கெல்லாம் சிரிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். வேற யார் சிரிக்கிறா?”

“எனக்கு எண்ணத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்வானே!”

“சொல்லட்டும்.”

மறுநாள் கடைசி ஊர். கூட்டத்தோடு வரிசையில் நின்றபோது டைல்ஸ்காரர் மாமாவின் நெஞ்சில் ஸ்டிக்கரை ஒட்டி, கசங்காமல் தடவிவிட்டார். தொப்பியைச் சரிசெய்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாமா, படி. பார்த்து. இன்னொரு படி. அவசரமே இல்ல, நான் பிடிச்சிருக்கேன்.”

பின்னால் வந்த ஒரு பெண், “எவ்வளவு பொறுமையா கூட்டிட்டுப் போறார் பாரு” என்று தன் புருஷனிடம் சொல்வது காதில் விழுந்தது. ஓடும் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று பிழைத்தவர் ரைட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பிடியை உதறாமல், ஒவ்வொரு படியாக இறங்கினார்.